சத்தமில்லாத வண்டி

வண்டி ஆஃபில் இருக்கிறது என்று நினைத்துத்தான் ஜீவிதா அதன் கைப்பிடியைத் திருகினாள். உறுமல் இல்லை, அதிர்வு இல்லை, ஒரு முனகல்கூட இல்லை... அந்த நீல நிற ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. வழியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளி, குரோட்டன்ஸ் தொட்டியை இடித்து, கையில் டீ டம்ளரோடு கடைக்குள்ளே வந்துகொண்டிருந்த ஒருத்தன் முழங்காலில் போய் முட்டி நின்றது.

டம்ளர் தரையில் உருண்டது. டீ முழுக்க அவன் சட்டையில்.

"ஐயையோ..."

"அத நான் சொல்லணுங்க" என்றான் அவன், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

தப்பு தன் மேல் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாவி போட்டு வச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"இந்தா லைட் எரியுதுல்ல..."

"லைட்ட யாரு பாத்தா? வண்டின்னா சத்தம் வரணும். சத்தம் வந்தாத்தான ஓடுதுன்னு தெரியும்?"

"அப்ப சத்தம் வர்ற வண்டியே வாங்கிக்கலாமே! இதே பழனி ரோட்டுல நாலு கடை தள்ளிப் போனா பெட்ரோல் வண்டி வரிசையா நிக்குது. சும்மா இடிமுழக்கமா வரும்..."

"வேணாம்." அவள் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "எனக்கு சத்தம் வராத வண்டிதான் வேணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வெளியே ஐப்பசி மழை ரோட்டில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்குள் வெளிச்சம் குறைவு. அந்த அரைவெளிச்சத்தில் அவளுடைய கண்கள் பெரிதாக, மழையில் நனையாமலே நனைந்தவை போல் இருந்தன. நெற்றி வெறுமையாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான் என்பதை அவளும் பார்த்தாள். வழக்கமாக எல்லாரும் அந்த இடத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள், இல்லையென்றால் உச்சுக் கொட்டுவார்கள். இவன் இரண்டும் செய்யவில்லை. குனிந்து டம்ளரைப் பொறுக்கினான்.

"அப்ப சரியான கடைக்குத்தான் வந்திருக்கீங்க" என்றான். "எம் பேரு சோலைமலை. சிரிச்சிராதீங்க, எங்க அப்பா வச்சது."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு, சிரிப்பு என்று ஒன்று உதட்டுக்குப் பக்கத்தில் எங்கோ இருப்பது தெரிந்தது.

கடை முதலாளி பாஸ்கல் கல்லாவில் இருந்தபடியே சத்தம் கொடுத்தார். "ஏப்பா சோலை, டீய சட்டையில குடிச்சது போதும். அந்தப் பிள்ளைக்கு வண்டியக் காட்டு."

வண்டி வாங்குவது என்ன லேசான காரியமா? ஒவ்வொன்றாகக் காட்டினான். மெதுவாகப் போகிற சின்ன வண்டி... லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்.

"பூ மூட்டை ஏத்துனா இழுக்குமா?" என்று கேட்டாள்.

"எந்தப் பூ?"

"சம்பங்கி. அகரத்துல எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கு. விடியுறதுக்குள்ள பறிச்சு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டாரணும். ஈர மூட்டை, கனமா இருக்கும். பஸ்சுல ஏத்தவிட மாட்டேங்கிறாங்க. லோடு ஆட்டோக்காரன் நெனச்சா வாரான், நெனச்சா வரமாட்டேங்கிறான்."

"அப்ப இது வேணாம்" என்று அந்த வண்டியை அவனே தள்ளி வைத்தான். "தாடிக்கொம்பு ஏத்தத்துல மூட்டையோட நின்னுரும். நீங்க எறங்கித் தள்ளணும். தள்ளும்போது என்னையத்தான் திட்டுவீங்க."

அடுத்தது பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் கால் வைக்கிற இடத்தில் நடுவே மேடு. மூட்டை உட்காராது. அடுத்ததில் பேட்டரி வண்டியோடு சேர்ந்தே இருந்தது. வீட்டில் வண்டி நிற்கிற கொட்டகையில் பிளக் கிடையாது என்றாள். கடைசியில் அவனை முட்டிய அதே நீல வண்டிதான் மிஞ்சியது. கால் வைக்கும் இடம் பலகை மாதிரி தட்டை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போய் சார்ஜ் போடலாம்.

"தூக்கிப் பாருங்க."

தூக்கினாள். ஒரு குடம் தண்ணீர்க் கனம்.

"முடியுமா?"

"இதவிடக் கனமெல்லாம் தூக்கியாச்சு" என்றாள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தோன்றியது. அவன் பேட்டரியை வாங்கித் திரும்பப் பொருத்தினான்.

"வீட்ல பழைய வண்டி ஒண்ணு இருக்கு" என்றாள். "அத எடுத்துக்குவீங்களா?"

"ஓ... யாரு பேர்ல இருக்கு?"

"எங்க வீட்டுக்காரர் பேர்ல. அவர் எறந்து ரெண்டு வருஷமாச்சு. மஞ்சள் காமாலை."

மழை கொஞ்சம் வலுத்தது.

* * *

ஜீவிதாவின் கணவன் பிரபுவின் வண்டிக்கு ஊருக்குள் ஒரு பேர் உண்டு. சைலென்சர் மேலே இருக்கும் தகடு கழன்று விழப் பார்த்தபோது அவன் கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான். அதிலிருந்து இஞ்சின் சத்தத்தோடு சேர்ந்து கிணிங்... கிணிங்... என்று ஒரு ஓசை வரும். "மணி கட்டுன மாடு மாதிரி வாரான் பாரு" என்பாள் அவன் அம்மா பழனியம்மாள். குளத்துக் கரைத் திருப்பத்தில் அந்த ஓசை கேட்டதும் ஜீவிதா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். கல் காய்வதற்கும் அவன் கால் கழுவிவிட்டு வருவதற்கும் சரியாக இருக்கும்.

அவன் போன பிறகு வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. ஆனால் அவள் காது நிற்கவில்லை.

சாயங்காலமானால் குளத்துக் கரையில் எத்தனையோ வண்டிகள் வரும். அதே மாடல் வண்டி ஒன்று வந்தால் போதும், கை தன்னால் வேலையை நிறுத்திவிடும். அப்புறம் கிணிங் கேட்காது. அப்புறம் கை மறுபடி வேலைக்குப் போகும். ஒவ்வொரு சாயங்காலமும் அவன் ஒரு தடவை செத்தான். ஊர் அழுதது ஒரு நாள், அவள் அழுதது தினமும்.

அதனால்தான் சத்தமில்லாத வண்டி. அதனால்தான் அந்தப் பழைய வண்டியும் கண்ணை விட்டுப் போக வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

பழனியம்மாள் தடுக்கவில்லை. தினமும் காலையில் அந்த வண்டியைத் துடைத்து வைப்பவள் அவள்தான். "குடுத்துட்டு வேற வாங்கு தாயி. நம்ம வயிறும் இருக்குல்ல" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

வண்டி எடுத்த நாளில் அவளும் கடைக்கு வந்தாள். பாஸ்கல் கடையில் ஒரு பழக்கம் உண்டு. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனாலும் வாங்குகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அந்த முறைப்படி எல்லாம் நடக்கும். வண்டிக்கு மாலை, சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அப்புறம் வந்திருப்பவர்களுக்குக் குங்குமத் தட்டை நீட்டி, வீட்டுப் பெண்ணின் கையில் சாவி.

தட்டை நீட்டியது சோலைமலை. பழனியம்மாள் வண்டிக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். அவன் ஜீவிதாவுக்கு நேரே தட்டைப் பிடித்தான். எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி... கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குத்தான் தெரியுமே! தெரிந்துமா நீட்டுகிறான்? ஜீவிதாவுக்கு முகம் சுட்டது. எடுக்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. அவன் கையும் பின்னால் போகவில்லை. பழனியம்மாள் திரும்பினாள், தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பிறகு சந்தனக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்து தாயி, ராகு காலம் வந்துரப் போகுது" என்றாள்.

ஜீவிதா சாவி போட்டாள். வண்டி உயிர் பெற்றதற்கு ஒரு அடையாளமும் இல்லை. கைப்பிடியை மெல்லத் திருகினாள். பழம் நசுங்கிய சத்தம் மட்டும்தான் கேட்டது.

கடைக்கு வெளியே லோடு ஆட்டோவிலிருந்து பிரபுவின் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இத என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

பாஸ்கல் சாதாரணமாகச் சொன்னார். "பழைய வண்டி எடுக்குற பாய் ஒருத்தர் வருவாரும்மா. ஓடுற மாதிரி இருந்தா விப்பாரு. இல்லன்னா பிரிச்சு, பார்ட்சா போகும்."

"பிரிச்சிருவாங்களா..." அவள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற சோலைமலைக்குக் கேட்டது. அந்தக் கண்களையும் அவன் பார்த்தான். விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது.

* * *

அதன் பிறகு பூ மார்க்கெட்டில் அவனை அடிக்கடி பார்த்தாள். முதல் நாள் "ரேஞ்சு... ஒரு சார்ஜுக்கு எம்புட்டுத் தூரம் ஓடுதுன்னு கேக்க வந்தேன்" என்றான். மறுநாள் "பிரேக் எப்படி இருக்கு?" என்றான். அதற்கு மறுநாள் கேட்க ஒன்றும் இல்லாமல் பூ வாங்கினான்.

"யாருக்கு?"

"கடையில மாதா படம் இருக்குல்ல... அதுக்கு."

"நேத்து வாங்குன பூ அதுக்குள்ள வாடிருச்சா?"

"மாதாவுக்கு தினமும் புதுப் பூ போடணும்ங்க."

"பாஸ்கல் அண்ணன் சொன்னாரா?"

"மாதாவே சொல்லுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். பக்கத்துக் கடைக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவன் அந்தக் கண்களைப் பார்த்தபடியே பூப் பொட்டலத்தை வாங்கினான். விரல் விரலைத் தொட்டது... தொடாமலும் இருந்திருக்கலாம். ஈரப் பூவுக்கு நடுவே யாருக்குத் தெரியும்?

திரும்பும் வழியெல்லாம் அந்த வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. அதனால் அவள் நெஞ்சு போடுகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. பயந்துபோனாள். என்ன ஜென்மம் நான்? ரெண்டே வருஷம். அவன் சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது. அவனைப் பெற்றவள் வீட்டில் எனக்காக வெஞ்சனம் வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் காத்திருப்பாள். நான் இங்கே பூவோடு ஒருத்தன் விரலை எண்ணிக்கொண்டிருக்கிறேன்...

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பிரபுவின் படத்துக்கு முன்னால் நிற்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பேட்டரியைக் கழற்றி வந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் போட்டாள். பழனியம்மாள் அதைத் தினமும் ஒரு பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். "ஏத்தா, தின்னு முடிச்சிருச்சா அது? பச்ச லைட்டு எரியுது பாரு" என்பாள். அன்றைக்கும் அதையே சொன்னாள். ஜீவிதா அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

* * *

முதல் சர்வீசுக்கு ஆள் வீட்டுக்கே வரும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். ஜீவிதா முற்றத்தில் சாக்கு உதறிக்கொண்டிருந்தாள். பழனியம்மாள் உள்ளே விளக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தாள். குளத்துக் கரையில் ஒரு வண்டி திரும்பியது.

கை நின்றது. அது வழக்கம்தான்.

கிணிங்.

சாக்கு கீழே விழுந்தது.

கிணிங்... கிணிங்... கிணிங்...

அறிவு என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த நேரத்தில் எங்கே போகும்? அவள் ஓடினாள். செருப்பு இல்லாமல், சேலை காலில் தட்ட, சேற்றில் வழுக்கி எழுந்து வாசலைத் தாண்டி ஓடினாள். ஓடும்போதே இன்னொரு காலடி கேட்டது. பழனியம்மாள். முட்டி வலி என்று சுவரைப் பிடித்து நடக்கிறவள், திரியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். இத்தனை நாளும் அவளும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், இரண்டு பேரும் அதே சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. கழுவித் துடைத்து, புது சீட் உறை போட்டு, பிரபுவின் வண்டி. மேலே சோலைமலை உட்கார்ந்திருந்தான். கையில் டூல்ஸ் பை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பிரிக்க விடலைங்க" என்றான். "நானே எடுத்துக்கிட்டேன். எல்லாம் சரி பண்ணிட்டேன். அந்தக் கம்பிய மட்டும் தொடல... யாரோ பாத்துப் பாத்துக் கட்டுன மாதிரி இருந்துச்சு. நீங்க சந்தோசப்படுவீங்கன்னு..."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கதவு நிலையைப் பிடித்தபடி பழனியம்மாள் மெல்லச் சரிந்து படியில் உட்கார்ந்தாள். "எம் மகன் இல்லையா..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"எறங்குங்க." ஜீவிதாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வண்டிய விட்டு எறங்குங்க! யாரு உங்கள இதுல வரச் சொன்னது? யாரக் கேட்டு எடுத்தீங்க? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க... போங்க!"

அவன் இறங்கினான். முகம் வெளுத்துப் போயிருந்தது. பழனியம்மாளைப் பார்த்துக் கும்பிட்டான். சாவியைத் தொடவே இல்லை. வண்டியைத் திருப்பி, ஹேண்டில் பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஜீவிதா வாசலிலேயே நின்று பார்த்தாள். சேற்றில் சக்கரம் புதைந்தது, தோளைக் கொடுத்துத் தள்ளினான். குளத்துக் கரை ஏறும்வரை தள்ளினான். கரை தாண்டிக் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் காது கொடுத்துக் கேட்டாள். ஸ்டார்ட் செய்யும் சத்தம் வரவே இல்லை. தாடிக்கொம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டே போயிருக்க வேண்டும்.

* * *

மாதா படத்துக்குப் பூ வாங்க யாரும் வரவில்லை. சர்வீஸ் செய்ய வேறு ஆள் வந்து போனான். ஜீவிதா எடை போட்டாள், காசு வாங்கினாள், வீட்டுக்கு வந்தாள். சம்பங்கி வாசம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் இரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அன்றைக்கு ஓடியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழனியம்மாள் பாதி நாள் படுத்தே கிடந்தாள்.

எல்லாம் என்னால்தான் என்று ஜீவிதாவுக்கு உறுதியாகத் தெரிந்தது. சத்தத்துக்குப் பயந்து வண்டியைக் கொடுத்தேன். கொடுத்த வண்டி சத்தத்தோடு திரும்பி வந்தது. கிடைத்த ஒரு சிரிப்பையும் வாசலிலேயே அடித்து விரட்டினேன். இனி யாருக்காக, எதற்காக விடியவேண்டும்?

ஒரு நாள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது பழனியம்மாள் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"அந்தப் பையன் பேரு என்னத்தா?"

ஜீவிதாவின் கையில் தட்டு நழுவியது. "சோலைமலை... ஏன் அத்த?"

"ஒரு நா வரச் சொல்லு. அந்த வண்டியிலயே வரச் சொல்லு."

"எதுக்கு அத்த?"

"இன்னொருக்க அந்தச் சத்தத்தக் கேக்கணும் போல இருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கி ஓடி வந்தேன்ல... அந்தச் செத்த நேரம் எம் மகன் உசுரோட இருந்தான் தாயி."

ஜீவிதா அன்றைக்குப் பேட்டரியை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள், வயரைச் சொருகினாள், சுவிட்சைப் போட மறந்துவிட்டாள்.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, தாடிக்கொம்பு தாண்டி, இரண்டு பக்கமும் சோளக் காடாக இருக்கும் இடத்தில் வண்டி நின்றது. சண்டித்தனம் எதுவும் பண்ணவில்லை. ஓடும்போது எப்படிச் சத்தமில்லையோ அப்படியே சத்தமில்லாமல் நின்றுவிட்டது. நல்ல மழை. ஒரு புளிய மரத்தடியில் தள்ளி நிறுத்திவிட்டுக் கடைக்குப் போன் போட்டாள்.

"அங்கயே நில்லும்மா, மாத்து பேட்டரி குடுத்து ஆள அனுப்புறேன்" என்றார் பாஸ்கல். எந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவன் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள். திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு பைக் வரும் சத்தம் கேட்டது. காது தன்னால் கூர்ந்தது. கிணிங் இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. மூன்றாவது பைக் கடந்து போனபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் யாருக்காகக் காது கொடுத்து நிற்கிறோம் என்று புரிந்தது. அந்தச் சத்தத்தில் வருவது இனி பிரபு இல்லை. அவளுடைய காதே ஆளை மாற்றிவிட்டது. புளிய மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, மழைக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள்.

டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவன் தோளில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. தலை குனிந்து, நனைந்துகொண்டே நடந்து வந்தான். சாக்குக்குள் பேட்டரி.

சோலைமலை அவள் முகத்தைப் பார்க்காமல் சீட்டைத் திறந்து, பழைய பேட்டரியை எடுத்து, புதியதைப் பொருத்தினான்.

"பஸ்சுல வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ம்."

"வண்டி?"

"வீட்ல நிக்குது. அன்னைலேர்ந்து ஸ்டார்ட் பண்ணல." சீட்டை மூடினான். "ஆன் பண்ணிப் பாருங்க. லைட் எரிஞ்சா நான் கெளம்புறேன்."

"அத்த உங்கள வரச் சொன்னாங்க. அந்த வண்டியிலயே..." பழனியம்மாள் சொன்னது முழுவதையும் சொன்னாள்.

மழைத் தண்ணீர் அவன் புருவத்தில் இறங்கிக் கண்ணில் விழுந்தது. துடைக்கவில்லை. "என்னால முடியாதுங்க. அந்த அம்மா கேட்டா எது வேணாலும் செய்வேன்... ஆனா அன்னைக்கு நீங்க ஓடி வந்த மொகத்த நான் பாத்துட்டேன். என்னையப் பாத்ததும் அந்த மொகம் எப்படி ஆச்சுன்னும் பாத்துட்டேன். அவர் வருவாருன்னு ஓடி வந்த எடத்துல போயி நான் நின்னேன் பாருங்க... அந்தப் பாவத்த இன்னொரு தடவ பண்ண மாட்டேன். எனக்கு உங்களப் பிடிக்கும். அத சொல்ற அருகதைய அன்னைக்கே தொலைச்சிட்டேன்."

போகத் திரும்பினான்.

"நில்லுங்க." அவள் குரல் நடுங்கியது. "நான் ஏன் அம்புட்டுக் கோவப்பட்டேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது. உங்களுக்குத் தெரியாது." வண்டியின் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டாள். "அவர்தான்னு ஓடி வந்தேன். வாசல் தாண்டுனதும் நீங்க உக்காந்திருந்தீங்க. ஏமாந்து போகணும்ல? அத்த மாதிரி அங்கனயே விழுந்திருக்கணும்ல? எனக்கு ஏமாத்தமா இல்ல... நீங்கதான்னு தெரிஞ்சதும் உள்ளுக்குள்ள ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு. அவரப் பெத்தவ பக்கத்துல நொறுங்கிக் கெடக்குறா, எனக்கு உங்களப் பாத்து சந்தோசம்! அத என்னால தாங்க முடியல. அதான் கத்துனேன். உங்கள இல்ல... என்னைய."

சொல்லி முடித்ததும் வண்டி மேலேயே சாய்ந்துகொண்டாள். சோளக் காட்டில் மழை இரைந்தது. அவன் பக்கத்தில் வந்தான். தொடவில்லை. காலி பேட்டரியைச் சாக்கில் போட்டு, மூட்டை வைக்கிற இடத்தில் தூக்கி வைத்தான்.

"ஏறுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பஸ்சு இனிமே செத்த நேரம் கழிச்சுத்தான் வரும். தாடிக்கொம்புல எறக்கி விடுறேன்."

அவன் பின்னால் ஏறி, இருவருக்கும் நடுவே ஒரு பூ மூட்டை இடம் விட்டு உட்கார்ந்தான். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. தாடிக்கொம்பு நிறுத்தம் வந்தது. அவன் இறங்கிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கு சாயங்காலம் வாங்க" என்றாள் ஜீவிதா. "அந்த வண்டியிலயே."

"மறுபடியும் ஓடி வருவீங்களா?" அவன் குரலில் பயம் இருந்தது.

"அத்த ஓடி வருவாங்க. பாத்துட்டு அழுவாங்க. அழட்டும், நீங்க பேசாம நில்லுங்க." கைப்பிடியைத் திருகப் போனவள், நிறுத்தி அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "நான் நடந்தேதான் வருவேன். வர்றது யாருன்னு எனக்குத் தெரியும்ல."